கிழியும் கொடையும்: துண்டுத் துணி கையுறையான வரலாறு

முன்னுரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில் உள்ள சக்குபள்ளம், ஏலமலையில் தமிழக எல்லைக்கு அணித்தாக அமைந்த ஊராட்சிகளுள் ஒன்று. கீழே கம்பம் பள்ளத்தாக்கு, மேலே ஏலத்தோட்டங்கள். தலைமுறைகளாக மலைமேல் வாழும் தமிழர், நாள்தோறும் மலையேறி வந்து திரும்பும் தமிழகத் தொழிலாளர், சமவெளியிலிருந்து குடியேறிய மலையாள உழவர் ஆகியோர் இப்பகுதியில் அருகருகே வாழ்கின்றனர். இத்தகைய எல்லையூர்களில் ஒரே தொழிலுக்கு இரண்டு சொற்கள் காதில் விழும். துணியை ஊசியால் இணைக்கும் தொழிலைத் தமிழர் ‘தையல்’ என்பர். மலையாளத்தில் ‘தய்யல்’ என்பதோடு ‘துன்னல்’ என்னும் சொல்லும் இன்றளவும் பேச்சு வழக்கில் உள்ளது. தமிழ்நாட்டில் அகராதிக்கும் உரைநூலுக்கும் உரியதாகிவிட்ட துன்னல் என்னும் சங்கச்சொல், எல்லைக்கு அப்பால் தையற்கடையின் அன்றாடச் சொல்லாக உயிரோடிருக்கின்றது.

‘கிழி’ என்னும் சொல்லின் நிலையும் இதுவே. கிழிந்த துணித்துண்டு, ஓவியம் தீட்டும் துணி, பணமுடிப்பு ஆகிய பொருள்களை இச்சொல்லுக்கு அகராதிகள் தருகின்றன. மலையாளத்தில் பணக்கிழி என்பதும், இலைகளையோ ஞவரை அரிசியையோ துணியில் பொதிந்து உடம்பில் ஒற்றும் மருத்துவக் கிழி என்பதும் பெருவழக்கு. துண்டுத் துணிக்கும் கொடைப்பொருளுக்கும் ஒரே சொல் நிற்பது எண்ணத்தக்கது.

துண்டுத் துணியையும் எஞ்சிய நூலையும் கொண்டு கையால் தைத்த பொருள்களைப் பரிசாக அளிப்பது இன்று பரவலாகக் காணப்படும் வழக்கம். இது மேலைநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு எனக் கருதப்படுவதுண்டு. தமிழ் இலக்கியத்தில் தைத்த துணிக்கும் கொடைக்கும் இடையே இருந்த உறவையும், அவ்வுறவு பின்னாளில் திசைமாறியதையும், மாற்றத்துக்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

துணி, அறுவை, துண்டு

தமிழில் ஆடையைக் குறிக்கும் சொற்கள் பல வெட்டுதலைக் குறிக்கும் வினைகளோடு தொடர்புடையவை. துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை, துண்டாக்கப்பட்டது துண்டு. தறியில் நீண்டு வளரும் நெசவிலிருந்து அளவாக அறுத்தெடுக்கப்பட்டதே ஆடை என்னும் கருத்து இச்சொற்களில் பதிந்துள்ளது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் புலவர் ஒருவர் பெயரிலேயே இத்தொழில் இடம்பெற்றுள்ளது.

நூற்றலும் நெய்தலும் தமிழ் இலக்கணக் கொள்கைக்குள்ளேயே புகுந்தவை. நூல் என்பது இழையையும் ஏட்டையும் குறிக்கும். பனுவல் என்பது பஞ்சையும் இலக்கியத்தையும் குறிக்கும். நூல் இயற்றும் புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணோடு ஒப்பிட்டு நன்னூலின் பொதுப்பாயிரம் விளக்குகின்றது. பருத்திப் பெண்டு எனப் புறநானூறு குறிப்பிடும் நூற்கும் மகளின் தொழில், புலமைக்கே உவமையாக உயர்ந்தது. ஆயின் கிழிந்ததை இணைக்கும் தையலுக்கு அத்தகைய உயர்வு கிட்டவில்லை. முழுமையான இழை கோட்பாடாயிற்று. எஞ்சிய துண்டு வறுமையின் அடையாளமாக நின்றது.

தழை: தைத்தளித்த முதற் கையுறை

தமிழ் இலக்கியத்தில் தைத்து அளிக்கப்பட்ட பரிசுப்பொருளுள் காலத்தால் முற்பட்டது துணியாலன்றித் தழையால் ஆனது. தளிரையும் பூவையும் தொடுத்தமைத்த தழையாடையைத் தலைவன் தலைவிக்குக் கையுறையாக அளிப்பதும், அதனைத் தோழி ஏற்பதும் மறுப்பதும் அகப்பாடல்களில் பலவாகக் காணப்படுகின்றன. ஆம்பல், நெய்தல், அசோகு முதலியவற்றின் பூவும் தளிரும் தழையாயின. இவற்றைத் தொடுத்தலுக்குத் ‘தைஇ’ என்னும் வினையெச்சம் பயின்று வருதல் நோக்கத்தக்கது. இன்று தையல் என வழங்கும் தொழிற்பெயரின் வினையடியும் இதுவே. தையல் என்பதற்கு அழகு, பெண் என்னும் பொருள்களும் உண்டு.

தழையைப் பெற்றுக்கொள்ளுதல் வெறும் பொருளைப் பெறுதலன்று. அதனை அணிந்தவள் அளித்தவனின் காதலை ஏற்றவள் ஆவாள். ஊரார் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். ஆதலின் தழையை மறுக்கத் தோழி ஆயிரம் காரணம் கூறுவாள். இவ்வகப்பொருள் நிகழ்ச்சி பிற்காலக் கோவை நூல்களில் தனித்துறையாக வளர்ந்தது. திருக்கோவையாரில் சேட்படை என்னும் பகுதியின் தொடக்கத்திலேயே தலைவன் தழைகொண்டு செல்வதைக் காண்கிறோம்.

இங்கு இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, கையால் தைத்த பொருளின் மதிப்பு அதன் விலையில் இல்லை. தழை ஒரு பகலில் வாடிவிடும். இரண்டாவது, அது பெறுபவரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் உடையது. கையால் செய்தளித்த பரிசுக்கு மறுமொழி கூறியாக வேண்டும் என்னும் உணர்வு அக்காலத்திலேயே இலக்கிய மரபாகியிருந்தது.

சிதார்: கொடை களைந்த தையல்

அகத்தில் தைத்தது கொடையாக, புறத்தில் தைத்தது கொடையால் களையப்படுவதாக அமைகின்றது. கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், பரிசில் பெற வந்த பொருநன் உடுத்திருந்த ஆடை விரிவாகக் காட்டப்படுகின்றது. ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, வேறு நூல்கள் ஊடுநுழையத் தைக்கப்பட்ட துன்னல் நிறைந்த சிதார் அது. மன்னன் அதனைக் களையச் செய்து, இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத, பாம்பின் தோலையொத்த, பூவேலை அமைந்த நுண்ணிய ஆடையை நல்குகின்றான்.

புறநானூற்றின் 136ஆம் பாடலில் துறையூர் ஓடைகிழார் ஆய் அண்டிரனிடம் தம் வறுமையை உரைக்கின்றார். யாழின் பத்தரைப் போர்த்த தோலின் தையலைப் போலப் பல துன்னங்கள் நிறைந்த தம் ஆடையும், அத்தையலின் இடுக்குகளில் தங்கிய பேனும் அவர் கூற்றில் முதலிடம் பெறுகின்றன. நகையும் அவலமும் கலந்த இப்பாடலில் பகைவரைப் போலப் பேன் எண்ணப்படுகின்றது.

இவ்விரு பாடல்களிலும் தையல் என்பது கண்ணுக்குத் தெரியும் வறுமை. கொடையாக வரும் ஆடையில் நூல் மறைந்திருக்கின்றது. களையப்படும் ஆடையிலோ துணியைக் காட்டிலும் நூலே மிகுதி. புரவலனின் பெருமை, பாணனின் உடம்பிலிருந்து தையலை நீக்குவதில் வெளிப்படுகின்றது. அச்சிதாரில் அத்தனை துன்னங்களை இட்ட கை யாருடையது என்பதைப் பாடல்கள் சொல்லவில்லை. வறுமையை எத்தனையோ நாள் ஒத்திப்போட்ட அக்கையின் உழைப்பு, கொடை நிகழும் கணத்தில் ஆடையோடு சேர்த்துக் கழற்றி எறியப்படுகின்றது.

சிலப்பதிகாரத்தில் நிலைமை சற்றே மாறுகின்றது. இந்திரவிழவு ஊரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்துத் துன்னகாரரைக் குறிப்பிடுகின்றது. அடுத்துக் கிழியாலும் கிடையாலும் பலவகைப் பொருள் செய்வோரையும் கூறுகின்றது. கிழி துணி, கிடை நெட்டி. துணித்துண்டும் நெட்டித்துண்டும் புகார் நகரத்தில் கைவினைப் பொருளாகும் மூலப்பொருள்களாக இருந்தமையும், அவற்றைச் செய்வோர் குறையற்ற வினைத்திறம் உடையோராக மதிக்கப்பட்டமையும் இதனால் பெறப்படும். துண்டுத் துணி வறுமையின் சின்னம் மட்டுமன்று, தொழிலின் முதலும் ஆகும் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்று இது.

பொற்கிழி: துணியின் பெயர் பெற்ற பரிசு

கிழி என்னும் சொல் பரிசைக் குறிக்கும் நிலைக்கு உயர்ந்தமைக்குத் தருமியின் கதை பெருஞ்சான்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் 52ஆவதாக அமைந்துள்ளது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அப்பரின் திருத்தாண்டகம் தருமி பெற்ற கிழியைக் குறிப்பிடுகின்றது. பாண்டியன் அறிவித்த பரிசு பொன். அதனைப் பொதிந்தது துணி. எனினும் மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் துணியின் பெயரே. இன்றும் சான்றோர்க்கு அளிக்கும் பணமுடிப்புப் பொற்கிழி எனப்படுகின்றது. அது காசோலையாக இருப்பினும் பெயர் மாறுவதில்லை.

பொதிந்து கொடுத்தல் தமிழர் கொடைமுறையின் ஓர் இன்றியமையாக் கூறு. வெறுங்கையில் பணம் கொடுப்பதை அயலாரிடத்தும் தவிர்ப்பர். வெற்றிலையில் வைத்தோ துணியில் முடிந்தோ கொடுப்பதே முறை. திருமணத்தில் விருந்தினர்க்கு அளிக்கும் தாம்பூலப் பை இம்மரபின் தொடர்ச்சி. மஞ்சள் துணியில் தைத்த அப்பை நாட்டுப்புறத்தாரின் அடையாளமென நகரத்தாரால் எள்ளப்பட்ட காலமும் இருந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 சனவரி 1 முதலும் தடை வந்தது. 2021 திசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. எள்ளப்பட்ட துணிப்பை அரசின் கொள்கைச் சின்னமானது.

கந்தையும் தொம்பையும்

கந்தை என்னும் தமிழ்ச்சொல் வடமொழியின் ‘கந்தா’ என்பதோடு உறவுடையது. வங்கத்தில் அதே சொல் ‘காந்தா’ எனப் பெயர்பெற்று வேறொரு வாழ்வை அடைந்தது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையலிட்டு, பூவும் மீனும் தேரும் வரைந்து, மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் மருமகனுக்கும் பரிசாக அளிப்பது வங்கப் பெண்களின் மரபு. 1929இல் சசீமுத்தீன் எழுதிய நெடுங்கவிதையின் பெயரிலேயே இப்பூந்தையல் இடம்பெற்றது. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இதனை ஆய்வுப்பொருளாக்கினார். தமிழிலோ கந்தை, கசக்கிக் கட்ட வேண்டிய ஒன்றாகப் பழமொழியில் நின்றுவிட்டது. ஒரே சொல் ஓரிடத்தில் கலையாகவும் மற்றோரிடத்தில் இன்மையாகவும் பொருள்பட்டது.

தமிழ்நாட்டில் ஒட்டுத்துணிக் கலை வளர்ந்த இடம் இல்லமன்று, கோயில். தஞ்சை, கும்பகோணப் பகுதிகளில் தேர்க்காலத்தில் தொங்கவிடப்படும் தொம்பைகள், பல வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி, அடித்துணியின்மேல் பொருத்தித் தைக்கப்படுபவை. உருளை வடிவிலான தொம்பையும் வாயிலில் கட்டும் தோரணமும் இக்கலையின் பொருள்கள். இங்கே தையல் மறைக்கப்படுவதில்லை. இறைவனுக்குரிய காணிக்கையில் ஒட்டு அழகாகிறது. ஏழையின் உடம்பில் அதே ஒட்டு இழிவாகிறது. துணி ஒன்றே, அது சேரும் இடம் அதன் மதிப்பை முடிவுசெய்கின்றது.

கிழிசலும் வெட்டுத்துண்டும்

பயன்படுத்திய துணியைப் பிறர்க்குப் பரிசாக அளித்தல் தமிழரிடையே பொதுவாக இழுக்காகவே கருதப்படுகின்றது. இதற்கு விலக்கு ஒன்றுண்டு. பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவது, துவைத்துத் துவைத்து மென்மையான பழந்துணி. தூளி கட்டுவதும் தாயின் பழஞ்சேலையில். உடம்போடு பழகிய துணி குருதியுறவுக்குள் மட்டுமே கொடையாகும் என்பது இவ்வழக்கத்தின் உட்பொருள் எனலாம்.

துண்டுத் துணி உறவெல்லை கடந்த பரிசாவதற்கு, அத்துண்டின் இயல்பே மாற வேண்டியிருந்தது. சேலையும் வேட்டியும் தைக்கப்படாத ஆடைகள். தறியில் அறுத்தபடியே உடுக்கப்படுவதால் அவற்றில் மீதம் விழுவதில்லை. பழங்காலத்துத் துண்டுத் துணி பெரும்பாலும் தேய்ந்து கிழிந்ததால் விளைந்த கிழிசல். சட்டையும் இரவிக்கையும் பெருவழக்காகி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தையல் இயந்திரம் ஊர்தோறும் பரவிய பின்னரே, கழுத்துக்கும் கைக்கும் வெட்டியது போக எஞ்சும் வெட்டுத்துண்டு என்னும் புதுவகைத் துணி உருவாயிற்று. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இது மலையளவாகப் பெருகியது. ‘பனியன் வேஸ்ட்’ என்னும் பெயரில் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பயன்படுவது இதுவே.

கிழிசல் ஒருவர் உடம்பின் வரலாற்றைச் சுமந்தது. வெட்டுத்துண்டு எவர் உடம்பையும் தொடாதது. முன்னது பழையது; பின்னது புதியதாயினும் உருவமற்றது. கொடைக்குத் தடையாக நின்ற பழமை நீங்கியதால், எஞ்சிய துணி பரிசாகும் தகுதியைப் பெற்றது. தையற்கடைக்காரர் அளந்து பார்த்து ஒதுக்கும் துண்டுகள் பையாகவும் தலையணை உறையாகவும் குழந்தைக்குச் சட்டையாகவும் மாறும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

திருவிதாங்கூரில் ஊசிவேலை

பெண்களின் ஊசிவேலை வீட்டுக்கு வெளியே மதிப்புப் பெற்ற வரலாற்றில் திருவிதாங்கூருக்குச் சிறப்பிடம் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் இலண்டன் மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட், பெண்களுக்குக் கல்வியோடு பின்னல்வலை எனப்படும் லேஸ் வேலையையும் கற்பித்தார். அவ்வேலையில் ஈட்டிய பொருளால் அடிமை நிலையிலிருந்த பெண்கள் தம் விடுதலையைப் பெற்றனர் என மறைப்பணி வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல். சட்டம் வருமுன்னரே ஊசியும் நூலும் சிலர்க்கு விடுதலை விலையாயின.

மால்ட் இணையரின் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். இடையன்குடியில் அவர் பெண்கள் பள்ளியையும் லேஸ் பயிற்சியையும் நடத்தினார். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழுலகம் முழுதும் அறிந்தது. அதே இல்லத்திலிருந்து பரவிய ஊசிவேலை, அதனைக் கற்ற பெண்களின் குடும்பங்களுக்கு வெளியே பேசப்படுவது அரிது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நிகழ்ந்தவை.

மறைப்பணிப் பள்ளிகளிலும் பின்னர்ப் பொதுப்பள்ளிகளிலும் பாடமான பூந்தையலில் குறுக்குத் தையல் அடிப்படையானது. துணியின் பாவு, ஊடு இழைகளை எண்ணி, பெருக்கல் குறி போன்ற தையல்களை இட்டு உருவம் அமைப்பது இம்முறை. துணியின்மேல் உருவம் வரைதல் வேண்டுவதில்லை, எண்ணிக்கை பிசகாதிருத்தல் வேண்டும். பயிற்சித் துணியில் எஞ்சிய துண்டுகளும் அறுபட்ட வண்ண நூல்களும் ஊசிமெத்தையாகவும் ஏட்டின் பக்கக்குறியாகவும் கைக்குட்டை ஓரமாகவும் உருமாறித் தோழியர்க்கும் ஆசிரியர்க்கும் பரிசாவதுண்டு. இழையெண்ணித் தைக்கும் கலை தமிழகத்திற்கு மேலைநாட்டார் கொணர்ந்த புதுமையன்று. நீலமலைத் தோடர் மகளிர் வெண்பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமான கம்பளி நூலால், வரைபடமின்றி இழைகளை எண்ணியே தைக்கின்றனர். இக்கலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

நாகர்கோவிலும் ஏலமலையும் 1956 வரை ஒரே ஆட்சிப் பரப்பில் இருந்தவை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைய, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. லேஸ் வேலை தழைத்த தெற்கில் பெண்ணின் கைக்கு ஊசி கிடைத்தது. மலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்ணின் கை கொழுந்துக்கும் ஏலத்துக்கும் கட்டுப்பட்டது. இடுப்பில் கட்டிய சாக்கும் தலையில் போட்ட முக்காடுமே அவள் உடுப்பின் மிகுதிப் பகுதியாயின. இவ்விடைவெளியை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சியாக மூணாற்றில் 1991இல் தொடங்கப்பட்ட சிருஷ்டி நலவாழ்வு மையத்தைக் கூறலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி இளைஞர்கள் அதன் ஆரண்யா பிரிவில் தேயிலைக் கழிவு, யூகலிப்டசு இலை, களைச்செடி முதலியவற்றால் துணிகளுக்குச் சாயமிடுகின்றனர். அதுல்யா பிரிவு கழிவுத்தாளிலிருந்து கைவினைத் தாள் செய்கின்றது. எஞ்சியதிலிருந்து பரிசுப்பொருள் என்னும் கருத்து மலையிலும் வேர்கொண்டது.

சுனாமிகா: திசைமாறிய கொடை

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியபின், நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் உதவிப்பொருளாக வந்து குவிந்தன. நாகப்பட்டினம் முதலிய பகுதிகளில் அவை ஏற்பாரின்றிச் சாலையோரங்களில் கிடந்தன. அனைத்தையும் இழந்த நிலையிலும் பிறர் உடுத்துக் கழித்ததை மீனவ மக்கள் ஏற்கவில்லை. சிதாரைக் களைந்து புத்தாடை நல்கிய கரிகாலனின் அறத்துக்கு நேர்மாறாக, சிதாரையே கொடையென அனுப்பியது இக்காலம்.

இதே சூழலில் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் வேறொரு முயற்சி தோன்றியது. உமா பிரஜாபதி நடத்திவரும் உபாசனா ஆடை வடிவமைப்பகத்தின் முன்முயற்சியில், மீனவப் பெண்கள் எஞ்சிய துணித்துண்டுகளைக் கொண்டு விரலளவே உள்ள சிறு பொம்மைகளைத் தைத்தனர். அதற்குச் சுனாமிகா எனப் பெயரிட்டனர். தொடக்கத்தில் இது துயரிலிருந்து மீள உதவும் உளநல முயற்சி. கடலைப் பார்க்கவும் அஞ்சிய பெண்கள் ஓரிடத்தில் கூடி அமர, கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. பின்னர் அதுவே பல பெண்களுக்கு வருவாயாயிற்று.

சுனாமிகாவின் தனித்தன்மை அது விற்கப்படுவதில்லை என்பது. பொம்மை பரிசாகவே அளிக்கப்படும். பெற்றவர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். அந்நன்கொடையிலிருந்து தைப்பவர்க்கு ஊதியம் செல்லும். இம்முறையில் உலகின் பல நாடுகளுக்கு அது சென்றது.

ஆற்றுப்படை மரபில் இழந்தவன் பெறுபவன், உடையவன் கொடுப்பவன். தையல் இழந்தவன் உடம்பில் இருந்தது. கொடை அதனை நீக்கியது. சுனாமிகாவில் இழந்தவளே கொடுப்பவள் ஆகிறாள். அவள் கொடுப்பது தையலையே. ஏற்பாரின்றிக் கிடந்த பழந்துணியும் ஏற்கப்பட்ட பொம்மையும் துணி என்னும் வகையில் ஒன்றே. முன்னது கொடுத்தவர் கையால் எதுவும் செய்யப்படாதது. பின்னதில் ஒருவர் கை நெடுநேரம் தங்கியிருந்தது. சங்கத் தலைவனின் தழையைப் போலவே இதுவும் விலையால் மதிப்புப் பெறாது, பெறுபவரிடம் மறுமொழியை எதிர்நோக்கி நிற்கின்றது.

சேக்குட்டி: பெரியாற்றின் கரையில்

பெரியாறு ஏலமலைப் பகுதியைக் கடந்து மேற்கே கடலை நோக்கிச் செல்வது. அதன் முகத்துவாரப் பகுதியில் யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது. ஆற்றைச் சுள்ளியம் பேரியாறு என்கிறது. 2007 முதல் அகழாய்வு நடந்த பட்டணம் இப்பகுதியில் உள்ளது. அதற்கு அருகே உள்ள கைத்தறி ஊர் சேந்தமங்கலம்.

2018 ஆகத்து வெள்ளத்தின்போது இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையின் மதகுகள் 1992க்குப் பின் முதன்முறையாகத் திறக்கப்பட்டன. மலையில் மண்சரிவுகள் வீடுகளைப் புதைத்தன. கீழே ஆறு கரைபுரண்டது. ஓணத்திற்கென நெய்து வைத்திருந்த சேந்தமங்கலத்துச் சேலைகளும் வேட்டிகளும் சேற்றில் மூழ்கின, தறிகளும் பாழாயின. கறைபடிந்த துணியை வாங்குவாரில்லை. எரித்துவிடுவதே வழி எனக் கருதப்பட்ட நிலையில், இலட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் இருவரும் அத்துணிகளைத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக்கி, பொம்மைகளாக்கும் திட்டத்தை முன்வைத்தனர். சேக்குட்டி என்பது அப்பொம்மையின் பெயர். சேற்றைக் குறிக்கும் மலையாளச் சொல்லும் குட்டியும் சேர்ந்தது. ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் அதில் ஒலிக்கின்றது. துணியில் படிந்த கறை நீக்கப்படவில்லை. அதுவே பொம்மையின் அடையாளமாயிற்று.

ஒரு சேலையிலிருந்து ஏறத்தாழ 360 பொம்மைகள் செய்யலாம். ஒன்று அப்போது 25 ரூபாய்க்கு விற்கப்பட்டது. விற்றிருந்தால் 1,300 ரூபாய் அளவில் பெற்றிருக்கக்கூடிய சேலை, இவ்வாறு 9,000 ரூபாய் ஈட்டித் தந்தது. அத்தொகை நெசவாளர் சங்கத்தைச் சென்றடைந்தது. பொம்மை செய்தோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் கூடியமர்ந்து செய்தனர்.

முன்னர்க் கண்ட இருவகைத் துண்டுகளில் இது எதிலும் அடங்காது. உடம்பைத் தொடாததால் கிழிசலன்று; அளவுக்கு மிஞ்சி விழாததால் வெட்டுத்துண்டும் அன்று. முழுமையாக நெய்யப்பட்டு, உடுக்கப்படுமுன்னரே பாழானது. உடைமை அழிந்த பின்னும் உழைப்பு அழியவில்லை என்பதை நிறுவும் பொருளாக அது அமைந்தது.

கூலியும் பெயரும்

எஞ்சியதைக் கொண்டு செய்யும் கைவேலையைப் போற்றும்போது ஒரு கேள்வியைத் தவிர்த்தல் இயலாது. சேக்குட்டியின் கணக்கில் தைத்தவரின் நேரம் சேர்க்கப்படவில்லை. பேரிடரின் உருக்கம் உள்ளவரை தன்னார்வம் நிலைக்கும். அதன்பின் அதே வேலையை அன்றாடப் பிழைப்பாகக் கொள்ளும் பெண்ணுக்கு, எஞ்சிய துணி விலையற்றது என்பதால் அவள் உழைப்பும் விலையற்றது என்னும் தவறான கணக்கு போடப்படுகின்றது. மூலப்பொருளின் மலிவு கூலியின் மலிவாக மாறுவதே இத்தொழிலின் பெருங்குறை. இடுக்கி எல்லையூர்கள் உட்படக் கேரளமெங்கும் 1998இல் தொடங்கிய குடும்பசிரீ அமைப்பின் தையல் குழுக்களும், தமிழகத்து மகளிர் குழுக்களும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. துணிப்பையின் விலை நெகிழிப்பையின் விலையோடு ஒப்பிடப்படும்வரை தைப்பவர்க்கு உரிய பங்கு கிடைப்பது அரிது.

பெயர் பற்றிய சிக்கலும் உண்டு. தருமியின் பெயரை அறிவோம். கிழியை முடிந்தவர் பெயரை அறியோம். பொம்மைகளுக்குச் சுனாமிகா, சேக்குட்டி எனப் பெயர் உண்டு. தைத்த பல்லாயிரம் கைகளுக்குப் பொதுப்பெயரே எஞ்சியது. சிதாரின் துன்னங்களை இட்டவர் பெயர் பொருநராற்றுப்படையில் இல்லாததற்கும் இதற்கும் இடையே ஈராயிரம் ஆண்டு கடந்துள்ளது. நிலை பெரிதும் மாறவில்லை.

தொகுப்புரை

தைத்த பொருளைக் கையுறையாக அளித்தல் சங்க அகமரபிலேயே தழை வடிவில் இருந்தது. அதன் மதிப்பு விலையில் அன்றிச் செய்த கையில் இருந்தது.

புறமரபில் தைத்த ஆடை வறுமையின் அடையாளம். புரவலன் கொடை அத்தையலை அகற்றுவதாக அமைந்தது. எனினும் புகார் நகரத்தில் துணித்துண்டு கைவினைக்கு முதலாக இருந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது.

கிழி என்னும் சொல் துண்டுத் துணியிலிருந்து பரிசுக்குப் பெயராகி, தமிழிலும் மலையாளத்திலும் வாழ்கின்றது.

கிழிசலின் இடத்தை வெட்டுத்துண்டு பெற்றதால், எஞ்சிய துணி உறவெல்லை கடந்து பரிசாகும் வாய்ப்பு உருவாயிற்று.

2004, 2018 பேரிடர்களுக்குப் பின் தோன்றிய சுனாமிகாவும் சேக்குட்டியும் கொடையின் திசையை மாற்றின. இழந்தவர் பெறுபவராக மட்டும் நிற்காது கொடுப்பவராயினர்; மறைக்கப்பட்ட தையலும் கறையும் கொடையின் சிறப்பாயின.

துன்னலும் கிழியும் அன்றாடச் சொற்களாக வழங்கும் சக்குபள்ளம் போன்ற எல்லையூர்களின் தையற்கடைகளிலும் மகளிர் குழுக்களிலும் இச்சொற்களையும் தொழில்முறைகளையும் களஆய்வால் தொகுத்தல் வேண்டும். தைத்தவர் பெயரோடு தொகுத்தல் இன்னும் நன்று.